லீட்ஸ் குளிரும் வெளிச்சுவர் பைப்பும்

அன்பு மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. காலையில் எழுந்தால் வீட்டைச் சூடாக்குகிற கேஸ் பாய்லர் லாக் ஆகி நிற்கிறது, ரேடியேட்டரெல்லாம் சில்லென்று கிடக்கிறது, வெளிச்சுவரில் உறைந்துபோன பாய்லர் பைப்பில் வெந்நீர் ஊற்றக் கெட்டிலைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் அங்கே லீட்ஸில் உன்னோடு இருக்கிற அம்மா ஞாபகம்தான் எனக்கு வந்தது. மஞ்சக்குப்பத்து மார்கழிப் பனிக்கே மப்ளர் சுற்றிக்கொண்டு உட்காருகிறவர்கள் அவர்கள். அதனால் ஊர்க் கதை அப்புறம், முதலில் பைப்.

பாய்லர் கெட்டுப்போகவில்லை, பயப்படாதே. கேஸ் எரிந்தால் தண்ணீர் உண்டாகும், 16 கிராம் மீத்தேன் முழுசாக எரிந்தால் 36 கிராம் தண்ணீர். பழைய பாய்லர்கள் அதை அப்படியே ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியே தள்ளிவிடும், கூடவே சூடும் போய்விடும். 2005-க்குப் பிறகு இங்கிலாந்தில் புதிதாக மாட்டுகிற பாய்லர் ஏறக்குறைய எல்லாமே அந்த ஆவியைக் குளிரவைத்து அதிலிருக்கும் சூட்டையும் பிடித்துக்கொள்கிற கண்டென்சிங் வகை. கேஸ் மிச்சம், நல்லதுதான். ஆனால் குளிர்ந்த ஆவி மணிக்கு ஓரிரண்டு லிட்டர் தண்ணீராகச் சேர்ந்து, ஒரு சின்ன பிளாஸ்டிக் பைப்பில் சொட்டுச் சொட்டாக வெளியே போகவேண்டியிருக்கிறது. அந்தத் தண்ணீரில் கொஞ்சம் அமிலம் இருக்கும், அதனால்தான் செம்புக் குழாய் போடமாட்டார்கள்.

சொட்டுவதுதான் வினையே. வேகமாக ஓடுகிற தண்ணீர் உறைவதற்குள் வெளியே போய்விடும். சொட்டுகிற தண்ணீர் வெளிச்சுவரில் ஜீரோவுக்குக் கீழே கிடக்கும் பைப்பில் ஒட்டி, மேலே மேலே படிந்து, விடியற்காலைக்குள் வாயை அடைத்துவிடுகிறது. பிறகு தண்ணீர் திரும்பி பாய்லருக்குள்ளேயே ஏறும், கொளகொளவென்று சத்தம் வரும், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். இங்கே நான் தினமும் பார்க்கிற, ஏசியிலிருந்து தண்ணீர் வடிகிற பைப்பும் இதே சமாச்சாரம்தான், அங்கே பாசி அடைக்கிறது, உனக்குப் பனிக்கட்டி. இரண்டிலும் முதலில் பார்க்கவேண்டியது வாட்டம், அதாவது தண்ணீர் தானாக வழிந்து போக பைப்புக்கு இருக்கிற சரிவு.

2010 டிசம்பரில் நான் லெஸ்டரில் ஒரு ஹீட்டிங் கான்ட்ராக்டரிடம் உதவியாளாக இருந்தது உனக்குத் தெரியும். அந்த நாட்டில் நூறு வருஷத்தில் அப்படி ஒரு டிசம்பர் வந்ததில்லை. போன வீடுகளில் பெரும்பாலும் இதே கோளாறு, பாய்லரில் ஒரு குறையும் இல்லை, மெல்லிசு பைப் ஒன்று வெளிச்சுவரில் நீளமாக, மூடாமல், சில இடத்தில் வாட்டமே இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். கைக்குழந்தை இருக்கிற வீடு, வயசானவர்கள் தனியாக இருக்கிற வீடு, எல்லாம் கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். மாட்டும்போது ஒரு மணி நேரம் கூடுதலாக யோசித்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம், அதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

ஆகவே நீ செய்யவேண்டியது, கெட்டிலை நம்பிக் குளிர்காலத்தை ஓட்டாமல் அந்த பைப்பை வீட்டுக்குள்ளேயே கொண்டுபோகச் சொல்வது. உன் பாய்லர் சமையலறையில்தானே இருக்கிறது? சிங்க் கழிவுக் குழாயிலோ, வாஷிங் மெஷின் குழாயிலோ, உள்ளே இறங்குகிற கழிப்பறைப் பெரிய குழாயிலோ சேர்த்துவிட்டால் தொல்லை அடியோடு போச்சு. கேஸ் சேஃப், அதாவது அங்கே கேஸ் வேலை செய்கிறவர்களுக்கான பதிவு, இருக்கிற ஆளையே கூப்பிடு. மழைத்தண்ணீர்க் குழாயில் சேர்க்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல், அதுவும் வெளியில்தான் இருக்கிறது, அதுவும் உறையும்.

உள்ளே கொண்டுபோக வழியே இல்லை என்றால் அப்போது வெளியே. ஆனால் 21.5 மில்லிமீட்டர் பைப் கூடாது, சுவருக்குள் நுழைவதற்கு முன்பிருந்தே குறைந்தது 32. வெளியே இருக்கும் நீளம் 3 மீட்டரைத் தாண்டக்கூடாது, எவ்வளவு குறையுமோ அவ்வளவு நல்லது. மீட்டருக்கு 45 மில்லிமீட்டராவது வாட்டம் வேண்டும். எல்போ எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, ஒவ்வொரு வளைவும் தண்ணீர் தயங்கி நிற்கிற இடம். மேலே சுற்றுகிற உறை மழையில் ஊறாத, வெயிலில் பொடியாகாத ரகமா என்று கேள், ஊறிப்போன உறையும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். உறை உறைவதைத் தள்ளிப்போடுமே தவிர சூடு கொடுக்காது. நாள்கணக்கில் ஜீரோவுக்குக் கீழே நிற்கும் என்றால் தெர்மோஸ்டாட் வைத்த, குளிர் கூடினால் தானே சூடாகிற ஹீட்டிங் கேபிள் ஒன்றை பைப்போடு ஓட்டிவிடுவார்கள், அதையும் விசாரி.

அந்த ஆள் வரும்வரை ஒன்று செய். கடுங்குளிர் என்று அறிவிப்பு வந்தால் ராத்திரி ஹீட்டிங்கை முழுசாக அணைக்காதே, ரேடியேட்டருக்குப் போகிற தண்ணீரின் சூட்டையும் கூட்டி வை. திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்கு மேல் இருந்தால் ஆவி அவ்வளவாகக் குளிராது, பைப்பில் சொட்டுவதும் குறையும். கேஸ் பில் ஏறும்தான், குளிர் தணிந்ததும் பழையபடி குறைத்துவிடு.

உறைந்தே போனால், கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதே, பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். கை பொறுக்கிற சூட்டில் எடுத்து, பைப் வெளியே முடிகிற முனை, வளைவு, தொய்ந்த இடம், இவற்றில் மெதுவாக ஊற்று. அடைப்பு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றினாலும் போதும். தண்ணீர் போகிற சத்தம் கேட்டதும் பாய்லரை ரீசெட் செய். ஊற்றிய தண்ணீர் தரையில் உறைந்து வழுக்கும், உப்பைத் தூவிவிட்டு உள்ளே வா. ஏணி போட்டு ஏறவேண்டிய உயரம் என்றால் தொடவே தொடாதே. பாய்லர் மூடியையும் நீ கழற்றக்கூடாது. இன்னொன்று, அம்மாவுக்குக் குளிருகிறதே என்று கரி அடுப்போ சாம்பிராணிக் கரியோ மூடின அறைக்குள் வைத்துவிடாதே மச்சான், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைக் கொல்லும். மின்சார ஹீட்டர் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.

சரி, ஊர்ச் செய்தி. மழை விட்டு நாலு நாள் நல்ல வெயில். 2024-இல் பெண்ணையாற்று வெள்ளம் வந்த பிறகு ஆற்றோரத்து ஜனங்களுக்கு இப்போதெல்லாம் சாத்தனூர் அணையில் தண்ணீர் திறந்தார்கள் என்றாலே தூக்கம் வருவதில்லை. எனக்குப் புதுச்சேரியில்தான் வேலை அதிகம், பங்குனி பிறந்தால் மூச்சு விட நேரமிருக்காது. உன் வீட்டுத் தென்னையில் காய் பறித்து அத்தை வீட்டில் கொடுத்தாகிவிட்டது. தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் வீட்டு வெளிச்சுவரில் அந்த பைப் தொடங்குகிற இடம், முடிகிற இடம், நடுவில் உள்ள வளைவுகள், எல்லாவற்றையும் பக்கத்தில் டேப் பிடித்து போட்டோ எடுத்து அனுப்பு. பாய்லர் மாடல் பெயரும் வேண்டும். ஆள் வருவதற்கு முன்னால் அவரிடம் என்னென்ன கேட்கவேண்டும் என்று நான் எழுதித் தருகிறேன்.

உன் மச்சான்,
கடலூர்