கொடைக்கானல் பாறைக்கு ரெண்டு வயசு இருந்தா தப்பா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு கொடைக்கானல் கட்டுரைல, ஒரே பாறைக்கு 250 கோடி வருஷம்னும் 55 கோடி வருஷம்னும் சொல்லி விஞ்ஞானிங்களே குழம்பிப் போயிருக்காங்கன்னு ஒரு வரி போட்டிருந்தீங்க. படிச்சதுலேர்ந்து மனசே ஆறல. யாரும் குழம்பல ஐயா, ரெண்டுமே சரிதான். அந்தப் பக்கத்துப் பாறைங்க நிறைய 250 கோடி வருஷம் வாக்குல உறைஞ்சு கல்லானது, அப்புறம் 55 கோடி வருஷத்துக்கு முன்ன பூமிக்கு அடியில 800 டிகிரிக்கு மேல வெந்து உருமாறினது.

தஞ்சாவூர்ல பேப்பர் போடுற உங்களுக்குத் தெரியாததா? நெல்லு அறுத்த தேதி வேற, அண்டாவுல அவிச்ச தேதி வேற. அவிக்கும்போது நெல்லு கரைஞ்சா போகுது, உமிக்குள்ள இருந்தபடியேதான மாறுது. புழுங்கல் அரிசிக்கு ரெண்டு தேதி சொன்னா குழப்பம்னு சொல்லுவோமா?

நான் 22 வருஷம் ஒரு லேப்ல அசிஸ்டன்ட்டா இருந்தவ. பாறைய இடிச்சு சலிச்சு அலசி, கனமான மண்ண ஒதுக்கி, காந்தம் காட்டி, கடைசில மைக்ராஸ்கோப்புல குனிஞ்சு ஊசி முனையால ஜிர்கான்ங்கிற கனிமத்தோட மணிய ஒண்ணொண்ணா பொறுக்கணும், தும்மினா போச்சு, ஒரு வாரத்து வேலை. ஒரு மணி ரெண்டு தலைமுடி தடிமன் இருந்தாலே பெருசு. அத பாதியா தேச்சு எலக்ட்ரான் கதிர்ல படம் எடுத்தா வெங்காயத்த நறுக்கின மாதிரி வளையம் வளையமா தெரியும், நடுவுல பழைய கரு, சுத்தி பின்னாடி வளந்த ஓடு. ஜிர்கான் வளரும்போது யுரேனியத்த உள்ள விடும், ஈயத்த விடாது. அதனால இப்ப உள்ள இருக்குற ஈயம் யுரேனியம் சிதைஞ்சு வந்தது. யுரேனியம் 238ங்கிற வகை பாதி சிதைய 447 கோடி வருஷம் ஆகும், அந்தக் கணக்க வச்சு கருவுக்கு உறைஞ்ச வயசு, ஓட்டுக்கு வெந்த வயசுன்னு ரெண்டு வருது.

இது முதல் தடவையும் இல்ல. மூணு வருஷம் முன்ன பல்லாவரத்து சார்னோகைட்ங்கிற பாறைய வெறும் கருப்பு கிரானைட்னு எழுதினீங்க. கல்கத்தாவுல ஜாப் சார்னாக்ங்கிற ஆங்கிலேயரோட கல்லறைல இருக்குற கல்லு நம்ம பக்கத்துக் கல்லுதான், அவர் பேரைத்தான் 1893ல ஹாலண்ட்ங்கிற பாறை விஞ்ஞானி அதுக்கு வச்சாருன்னு நாலு பக்கம் எழுதி அனுப்பினேன், ஒரு பதிலும் இல்ல. அப்புறம் கோடிக்குப் பதிலா லட்சம்னு போட்டீங்க, போன் பண்ணினேன். எடுத்தவரு, டெல்டாவுல கல்லே கிடையாதே, உங்களுக்கு எதுக்கும்மா இந்தக் கவலைன்னு கேட்டாரு. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல. பழனி மலைப் பக்கத்துத் தண்ணி அமராவதில வந்து கரூர் கிட்ட காவிரில கலக்குது, அந்த மலை தேஞ்ச மண்ணும் சேந்துதான எங்க வயல்ல படிஞ்சிருக்கு. எங்களுக்கு இல்லாத கவலை வேற யாருக்கு?

இந்தக் கடிதத்த முழுசா போடுங்கன்னு கூட கேக்கல ஐயா. வர்ற ஞாயிறு அதே பக்கத்துல, உறைஞ்ச வயசு 250 கோடி, வெந்த வயசு 55 கோடின்னு ரெண்டு வரி திருத்தம் போட்டா போதும். எங்க தெருப் பசங்க அந்தப் பக்கத்த வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவையாறு.