விருப்ப ஓய்வு: இருபது ஆண்டு முடிந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மத்திய அரசு ஊழியர்களின் விருப்ப ஓய்வு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். இருபது ஆண்டு சர்வீஸ் முடித்தவர்கள் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு ஓய்வூதியத்தோடு வெளியே வரலாம் என்று எழுதியிருந்தீர்கள். தப்பில்லை, ஆனால் அந்தப் பணம் எந்த மாதத்திலிருந்து கைக்கு வரும் என்பதை விட்டுவிட்டீர்கள். யு.பி.எஸ். (உத்தரவாதமான மாதத் தொகை தரும் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம்) எடுத்தவர்களுக்கு விஷயமே அதில்தான் இருக்கிறது.

நான் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இன்னமும் பழைய ஆபீஸ் ஆட்கள் பேப்பரைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார்கள். சமீபத்தில் வந்த ஒரு தம்பிக்கு வயது 44. சம்பளச் சீட்டின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தார்: பேசிக் 60,000, அதில் பாதி 30,000, அந்தப் பாதி முழுதாகக் கிடைக்க 25 வருடம் வேண்டும், இவருக்கு இருபது வருட சர்வீஸ் என்பதால் 25-இல் 20 பங்கு, ஆக மாதம் 24,000, அதற்கு மேல் டி.ஆர். என்கிற அகவிலை நிவாரணம். "ஊர்ப்பக்கம் போய் நிம்மதியாக இருந்துவிடலாம் சார்" என்றார். இருபது வருடம் என்றே வைத்துக்கொண்டால் கணக்கில் ஒரு ரூபாய் கூடப் பிசகில்லை. ஆனால் அந்த 24,000 வரத் தொடங்குவது வேலையை விட்ட மறுமாதம் அல்ல, அவர் 60 வயதில் இயல்பாக ஓய்வு பெற்றிருக்க வேண்டிய தேதியிலிருந்துதான். நடுவில் 16 வருடம், மாதா மாதம் வருவது எதுவும் கிடையாது. டி.ஆர்.கூட அந்தத் தொகை வர ஆரம்பித்த பிறகுதான். இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை; விதியை எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

இந்தக் குழப்பம் ஏன் இப்போது கிளம்புகிறது என்றால், பழைய பென்ஷன் இல்லாத, 1.1.2004 முதல் சேர்ந்தவர்களின் முதல் வரிசை இருபது ஆண்டைத் தொட்டதே 2024-இல்தான். அதற்கு முன்னால் வி.ஆர்.எஸ். என்கிற விருப்ப ஓய்வில் போனவர்கள் பெரும்பாலும் பழைய பென்ஷன்காரர்கள். வெளியே வந்த மறுநாளிலிருந்தே அவர்களுக்குப் பென்ஷன் உண்டு. அவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் தங்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்.பி.எஸ். (பணம் சந்தையில் முதலீடாகும் தேசிய ஓய்வூதியத் திட்டம்) என்பதிலேயே இருப்பவர்கள் கதை வேறு. இருபது ஆண்டு முடித்து முறையாக விருப்ப ஓய்வில் போனால், வயதாகி ஓய்வு பெற்றவருக்கு உள்ளது போலவே சேர்ந்த தொகையில் 60 சதவீதம் வரை ரொக்கமாக எடுக்கலாம், மீதி 40-க்கு ஆன்யுட்டி (மாதா மாதம் பணம் தரும் காப்பீட்டுத் திட்டம்) வாங்க வேண்டும். உத்தரவாதம் இல்லை, டி.ஆர். இல்லை, ஆனால் 60 வயது வரை காத்திருக்கவும் வேண்டாம். யு.பி.எஸ். எடுத்தவர்கள் ஒரே ஒரு தடவை என்.பி.எஸ்.ஸுக்குத் திரும்பலாம் என்று 2025 ஆகஸ்டில் நிதி அமைச்சகம் சொன்னது. வி.ஆர்.எஸ்.ஸில் போகிறவர், ஓய்வு தேதிக்கு மூன்று மாதம் முன்னாலேயே அதைச் செய்துவிட வேண்டும். அதாவது நோட்டீஸ் கொடுக்கிற நேரமும் திட்டம் மாற வேண்டிய நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்து நிற்கின்றன, அன்றைக்குத் தூங்கினால் போச்சு. உங்கள் கட்டுரையில் இது ஒரு வரி வந்திருந்தால் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும்.

இன்னொன்று, கோபத்தில் ராஜினாமா எழுதுகிறவர்கள். மேலதிகாரியோடு சண்டை, டிரான்ஸ்பர், எதுவாக இருந்தாலும் சரி, 'ராஜினாமா' என்று எழுதிக் கொடுத்தால் கதையே மாறிவிடும். பழைய பென்ஷனில் பார்த்த சர்வீஸ் முழுக்கப் போய்விடும், யு.பி.எஸ்.ஸில் உத்தரவாதத் தொகை கிடையாது, என்.பி.எஸ்.ஸில் 80 சதவீதத்தை ஆன்யுட்டியில் போட வேண்டும், கையில் 20-தான். முறையான அனுமதியோடு இன்னொரு அரசு வேலைக்குப் போக எழுதும் ராஜினாமா மட்டும் விதிவிலக்கு. இருபது ஆண்டுக்கு ஆறு மாதம் குறைகிறது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஆறு மாதத்தை ஓட்டிவிடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

அந்த இருபதையும் நாமாக விரல் விட்டு எண்ணக் கூடாது. மேலே சொன்ன தம்பி, மெடிக்கல் சர்டிபிகேட் இல்லாமல் சம்பளமில்லா விடுப்பில் சில மாதங்கள் இருந்திருக்கிறார், அது ஓய்வூதியத்துக்குக் கணக்கில் வரும் தகுதிச் சர்வீஸில் சேரவில்லை. அவர் இருபது என்று நினைத்தது சர்வீஸ் புக்கில் இருபதாக இல்லை. 18 ஆண்டு முடிந்ததுமே அலுவலகம் சர்வீஸைச் சரிபார்த்துச் சான்று தர வேண்டும் என்று பென்ஷன் விதிகளிலேயே இருக்கிறது. கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு.

மாநில அரசு ஊழியர்கள் இதையெல்லாம் அப்படியே தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். தமிழ்நாட்டிலும் 2021-இல் ஓய்வு வயது 59-லிருந்து 60 ஆனது, அந்த வயது ஒன்றுதான் பொது. விதிகள் தனி.

யு.பி.எஸ்.ஸில் ஒரு நல்ல அம்சமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். விருப்ப ஓய்வில் வந்தவர் காத்திருக்கும் காலத்திலேயே இறந்துவிட்டால், இறந்த தேதியிலிருந்தே துணைவருக்குக் குடும்பத் தொகை உண்டு. மனைவிக்கு உடனே தர முடிகிறது, உயிரோடு இருக்கிறவரை மட்டும் 60 வரை நிற்க வைப்பது என்ன நியாயமோ தெரியவில்லை. முழுத் தொகை முடியாவிட்டால் 50 வயதிலிருந்தாவது ஒரு பகுதியைத் தரலாம். அதுவும் முடியாது என்றால், வி.ஆர்.எஸ். நோட்டீஸை வாங்கும்போதே 'உங்கள் தொகை தொடங்கும் தேதி இது' என்று எழுதிக் காட்டி ஊழியரிடம் கையெழுத்து வாங்கட்டும். நீங்களும் அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால் பழைய பென்ஷன், என்.பி.எஸ்., யு.பி.எஸ். மூன்றையும் தனித்தனிக் கட்டமாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் பணம் எப்போது வரும் என்பதை முதல் வரியிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மத்திய அரசு ஊழியர்,
திருச்சி