நடித்தது யார், பார்த்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பழைய நாடகங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஒரு காலத்துச் சமூகத்தை அறிய அந்தக் காலத்து நாடகத்தைப் படித்தாலே போதும் என்று அதில் சொல்லியிருந்தது. எனக்கு அது போதாது என்றுதான் படுகிறது. எழுதியவர் யார், வேடம் கட்டியவர் யார், முன்னால் உட்கார்ந்து பார்த்தவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் பாலக்காட்டுப் பக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

மேழத்தூரைச் சேர்ந்த வி.டி. பட்டதிரிப்பாடு, கேரளப் பிராமணரான நம்பூதிரி சாதிக்காரர். அவர் எழுதிய ‘அடுக்களையில் நின்னு அரங்கத்தேக்கு’ (சமையலறையிலிருந்து மேடைக்கு) என்ற மலையாள நாடகம் 1929-ல் மேடையேறியது. அப்போது நம்பூதிரி இல்லங்களில் மூத்த மகன் மட்டுமே சொந்தச் சாதியில் கல்யாணம் செய்யலாம். தம்பிமார் நாயர் வீட்டுப் பெண்களோடு ‘சம்பந்தம்’ என்ற உறவு வைத்துக்கொள்வார்கள்; அது சொந்தச் சாதிக் கல்யாணமாகாது. இதனால் பெண்களில் பலர் கிழவர்களுக்கு இரண்டாம் தாரம், மூன்றாம் தாரம் ஆனார்கள். மற்றவர்கள் கல்யாணமே இல்லாமல் இல்லத்துக்குள் ஆயுசைக் கழித்தார்கள். வாசற்படி தாண்டுவதென்றால் உடம்பு முழுக்கப் போர்வை, முகத்தை மறைக்க ஓலைக்குடை, துணைக்கு ஒரு வேலைக்காரப் பெண். அப்படிப்பட்ட ஒருத்தியைக் கிழவரிடமிருந்து மீட்டு, மனசுக்குப் பிடித்தவனுக்குக் கட்டிவைத்த நாடகம் அது. தன் சாதிக்காரர்கள் முன்னாலேயே அதைப் போட்டுக்காட்ட எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஆனால் மேடையில் அந்தப் பெண்ணாக நின்றவர் ஆண். அந்த நாளில் அது வழக்கம்தான், சரி. முடிவையும் பாருங்கள்: பெண்ணுக்கு விடுதலை என்றால் நல்ல மாப்பிள்ளை கிடைப்பது. சீர்திருத்தம் பேசிய இளைஞர்களின் எண்ணம் அன்றைக்கு அதுவரைதான் போயிருந்தது.

அடுத்து 1948. இடையில், 1930-களிலேயே, தம்பிமாரும் சொந்தச் சாதியில் மணம் செய்யலாம் என்று சென்னை மாகாணத்தில் சட்டம் வந்துவிட்டது. அப்புறமும் பெண்ணின் கையில் சொந்தமாக ஒரு காசு கிடையாது. ஒற்றப்பாலத்தை அடுத்த லக்கிடியில் நம்பூதிரிப் பெண்கள் சேர்ந்து தங்கி வேலை செய்ய ஒரு தொழில்கேந்திரம் இருந்தது. அங்கிருந்த பெண்களே கூடி உருவாக்கிய நாடகம் ‘தொழில்கேந்திரத்திலேக்கு’ (தொழில்கூடத்துக்கு). ஆண் வேடங்களையும் அவர்களே கட்டினார்கள். ஓலைக்குடைக்குள் முகத்தை மறைத்து நடந்த பரம்பரையில் வந்தவர்கள் மேடையில் ஆணாக நின்று பேசியிருக்கிறார்கள்! இந்த நாடகத்துப் பெண் தேடிப் போவது வேலையை.

19 வருட இடைவெளியில், ஒரே சமுதாயத்திலிருந்து வந்த இரண்டு நாடகங்கள். முதலாவதை மட்டும் படித்தவருக்கு, அந்தப் பெண்களின் குறை கல்யாணத்தோடு தீர்ந்தது என்றுதான் தோன்றும்.

எழுத்தில் வராத நாடகங்களும் எங்கள் பக்கம் உண்டு. அறுவடை முடிந்த வயலில் இரவு நடக்கும் பொறாட்டு நாடகத்தில், கேள்வி கேட்பதற்கென்றே ஒருவர் நிற்பார். மண்ணானும் மண்ணாத்தியும் (துணி வெளுக்கும் கணவன் மனைவி வேடங்கள்) வந்தால் எந்த ஊர், என்ன சண்டை என்று கிளறுவார். தமிழும் மலையாளமும் கலந்த பாட்டில் பதில் வரும். ஆடுபவர்களும் பாடுபட்டுப் பிழைக்கிறவர்கள் என்பதால், அந்தப் பதிலில் கூலியும் பட்டினியும் தானாக வந்து விழும்.

பட்டதிரிப்பாட்டின் நாடகம் கேரளத்தில் புகழ்பெற்றது. லக்கிடி நாடகம் அந்த அளவுக்குப் பேசப்பட்டதில்லை. சித்தூர் வட்டத்தில் தமிழ் வழியில் படிக்கிற எங்கள் பிள்ளைகள் அதன் பேரைக்கூடக் கேட்டதில்லை. மலையாளம் அறிந்த யாரையாவது கொண்டு அந்த நாடகத்தைத் தமிழில் தந்து, அதில் நடித்த பெண்களின் பெயர்களோடு உங்கள் இதழில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.