தண்ணீர் வையுங்கள், தானியம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறியதும் பறவைகளுக்கு மாடியில் தண்ணீரும் தானியமும் வையுங்கள் என்று வழக்கம்போல் இந்த ஆண்டும் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் சரி. தானியத்தைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மதுரையில் மொட்டை மாடியில் கம்பையும் அரிசியையும் இறைத்தால் முதலில் இறங்குவது மாடப்புறா, அப்புறம் காகம். தேன்சிட்டும் தையல்சிட்டும் எட்டிக்கூடப் பார்க்காது. சிட்டுக்குருவி வரலாம். ஆனால் தானியம் கொத்தும் சிட்டுக்குருவிகூடத் தன் குஞ்சுக்குப் புழு பூச்சியைத்தான் தேடிப் பிடித்து ஊட்டும். மண் தெரியாமல் சிமெண்ட் பூசி, செடிக்கெல்லாம் மருந்தடித்து, பூச்சியே இல்லாமல் செய்துவிட்டுத் தட்டில் கம்பு வைத்தால் குஞ்சு எப்படிப் பிழைக்கும்? புறாவுக்கு இந்தக் கவலையே கிடையாது. கழுத்தடியில் இரையைச் சேர்த்துவைக்கும் கண்டப்பையில் சுரக்கும் பாலைக் கொடுத்தே குஞ்சை வளர்த்துவிடும்; இரை தட்டாமல் கிடைத்தால் வருஷம் முழுக்க முட்டையிடும். மீனாட்சி கையில் இருப்பது கிளி. கோபுரத்தில் குடித்தனம் நடத்துவது புறா. அதன் எச்சம் சுதைச் சிற்பங்களை அரிக்கிறது. தினமும் அந்தத் தூசியைச் சுவாசிப்பவர்களுக்கு நுரையீரல் கெடக்கூடும்.

கூட்டமாக ஒரே இடத்தில் இரை பொறுக்கும்போது புறாக்களுக்குள் தொண்டைப்புண் நோய் பரவுகிறது. நோயுள்ள புறாவைத் தின்னும் வல்லூறுக்கும் அது தொற்றும். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி குன்றுகளில் வல்லூறுகள் இருக்கின்றன என்பதற்காகவும்தானே 2022-ல் அந்த ஊரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள்? நகரத்தில் நாம் இறைப்பது அவற்றின் வாய்வரை போகக்கூடும்.

அமாவாசைக்குக் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் உண்டு. மீந்த மிக்சரையும் பரோட்டாவையும் தினமும் கொட்டுவதுதான் வேறு கதை. அப்படிப் பெருகும் காகம், பக்கத்து மரத்துச் சின்னப் பறவையின் முட்டையையும் குஞ்சையும் விட்டுவைக்காது.

அவனியாபுரம் வெள்ளக்கல் குப்பைக் கிடங்குப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். உழவு டிராக்டரின் பின்னால் நடந்து வெட்டுக்கிளி பொறுக்க வேண்டிய உண்ணிக்கொக்கு, அங்கே பாலிதீன் பைகளுக்கு நடுவே ஈ பிடித்துக்கொண்டிருக்கும். மேலே பருந்துகள் வட்டமடிக்கும். விமான நிலையமும் அந்தப் பக்கம்தான். விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குப்பை கொட்டக் கூடாது என்று விதி இருப்பதே இப்படிப் பறவைகள் கூடும் என்பதால்தான்.

கிராமத்தில் இதே கதை விஷமாக முடிகிறது. நெல்லும் கடலையும் தின்று பழகிய மயிலுக்கு வயல்தான் வீடு. 2018-ல் மதுரையை ஒட்டிய கண்மாய்ப் பகுதியில் நாற்பதுக்கும் மேற்பட்ட மயில்கள் செத்துக் கிடந்தன. மருந்து கலந்த தானியம் என்று அப்போது செய்தி வந்தது. விவசாயியின் வயிற்றெரிச்சலும் பொய்யில்லை.

அடுத்த கோடையில் அந்தச் செய்தியைப் போடும்போது தானியத்தை எடுத்துவிடுங்கள். அகலமான மண் சட்டி, இரண்டு விரல் ஆழத் தண்ணீர், தினமும் கழுவி மாற்ற வேண்டும் என்று போட்டால் போதும். இடம் உள்ளவர்கள் ஒரு முருங்கை வைத்து, மருந்தடிக்காமல் விட்டால் பூவுக்குத் தேன்சிட்டு தானாக வரும். கம்பளிப்பூச்சி வருமே என்பார்கள். வரும்தான்; அதை விரும்பித் தின்னும் சுடலைக்குயிலும் வரலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
எல்லிஸ் நகர், மதுரை