தோணிக்குப் பெட்டி செய்து கொடுத்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். தோணி முழுசாகச் சென்னை போய் முழுசாகத் தூத்துக்குடிக்குத் திரும்பிவிட்டது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன், ஆனாலும் யார் என்ன செய்தார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியாதே, அதனால் எழுதியே விடுகிறேன்.

தோணி என்றால் நிஜத் தோணி இல்லை. இங்கிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்துச் சரக்கு ஏற்றிப் போன தோணிகளில் 80 அடி நீளமுள்ள ஒன்றை, 24-இல் ஒரு பங்காகக் குறுக்கி நான் செய்த மாதிரி. நீளம் 40 அங்குலம், பாய்மர உச்சி வரை 30 அங்குலம், எடை ஐந்தரைக் கிலோ. இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. போன வருஷம் ஒரு கல்லூரிக் கண்காட்சிக்கு அனுப்ப, அட்டைப்பெட்டியில் வைத்து, இண்டு இடுக்கெல்லாம் தெர்மாகோலை அடைத்துப் பார்சலில் போட்டேன். அங்கே பிரித்துப் பார்த்தால் பெரிய பாய்மரம் அடியோடு முறிந்து, மேல்தட்டுப் பலகை இரண்டைப் பெயர்த்துக்கொண்டு கிடந்தது. கயிறுகளில் எல்லாம் தெர்மாகோல் உருண்டைகள், தலைமுடியில் ஈர் ஒட்டின மாதிரி. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன்.

பார்சல்காரர்களைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் ஓடாவி மாமாவிடம் போனேன். நாற்பது வருஷம் தோணி கட்டியவர், முறிந்த இடத்தை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, "அவன தப்பு சொல்லாத. நீ பாய்மரத்தக் கட்டிப்போட்டுட்டு உடம்ப ஆடவிட்டுருக்க. ஏராவப் பிடி, பாய்மரம் அது பாட்டுக்கு நிக்கும்" என்றார். ஏரா என்றால் தோணியின் அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டை. யோசித்துப் பார்த்தால் அதேதான். பெட்டி சரியும்போது ஐந்தரைக் கிலோ உடம்பு ஒரு பக்கம் நகர்கிறது, தெர்மாகோல் மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கிறது, பிறகு முறியாமல் என்ன செய்யும்? மாமா, அந்த ஒரு வார்த்தைக்கு முதல் நன்றி. சாலிடர் ஈயக்கம்பியை உடம்பின் வளைவில் அழுத்தி எடுத்து, அட்டையில் வரைந்து, அணியத்துப் பக்கம் (முன்புறம்) ஒன்றும் அமரத்துப் பக்கம் (பின்புறம்) ஒன்றுமாக இரண்டு தாங்கி வெட்டிக் கொடுத்ததற்கு அடுத்த நன்றி. தோணி அதில் உட்கார்ந்தபோது ஒரு தாள்கூட நுழையவில்லை.

பெட்டி செய்தது எங்கள் தெரு தச்சர் அண்ணன். நான் 9 எம்.எம். பிளைவுட் கேட்டேன். அவர் கணக்குப் போட்டு, பலகை மட்டுமே 20 கிலோ வந்துவிடும், அப்புறம் யார் தூக்குவது என்று கேட்டுவிட்டு, 6 எம்.எம். பலகையும் ஓரங்களுக்கு ஒரு இஞ்ச் ரீப்பருமாக மாற்றினார். ஆணி ஒன்றுகூடக் கிடையாது, குலுங்கிக் குலுங்கிக் கழன்றுவிடுமாம், எல்லாம் ஸ்குரூதான். மூடியை மேலே வைக்காமல் முன்பக்கம் வைத்ததும் அவர் யோசனை. தாங்கிகள் இருக்கும் பலகை மேசை டிராயர் மாதிரி காடியில் வழுக்கி வெளியே வரும், பாய்மரத்துக்கு மேலே கையைக் கொண்டுபோக வேண்டிய வேலையே இல்லை. கைப்பிடிகளைப் பாதி உயரத்துக்கு மேலே வைத்ததால் தூக்கும்போது குப்புறச் சாய்வதில்லை. இதற்கெல்லாம் மேலே, கூரை மாதிரி சரிவாக ஒரு தலை! எதற்கு என்று கேட்டேன். "மேல எவனும் மூட்டைய வைக்கக் கூடாதுல்ல?" என்றார். 'கவிழ்க்காதே' என்று நான் சிவப்புப் பெயிண்டில் நாலு பக்கமும் எழுதியதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை, கூரையை எல்லோரும் மதித்தார்கள்.

பிளைவுட் கடை அண்ணாச்சி முதல் ஷீட்டுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, மீதிக்கு மூலையில் கிடந்த வெட்டுத் துண்டுகளைத் தந்தார், மெஷினில் அறுத்ததற்கும் கூலி வாங்கவில்லை. தையல் கடை அக்கா தாங்கிகளுக்குக் கம்பளித் துணி ஒட்டி, உடம்பைக் கட்டப் பாவாடை நாடா இரட்டையாகத் தைத்துக் கொடுத்தார். சிரிக்காதீர்கள், அது மெத்தென்று இருக்கும், பெயிண்டைச் சுரண்டாது.

குட்டியானை வண்டி ஓட்டும் தம்பியை மறக்கவே கூடாது. தோணியை ஏற்றுவதற்கு முன்னால் பெட்டிக்குள் இரண்டு செங்கல்லைக் கட்டி, களிமண்ணில் எட்டு ஊதுபத்தி நட்டு, பழையகாயல் வரை போய்த் திரும்பினோம். பள்ளம் ஒன்றையும் விடாமல் ஓட்டினான் புண்ணியவான். திறந்தால் ஐந்து ஒடிந்து கிடந்தன. பலகைக்கு அடியில் ரப்பர் துண்டுகள் வைத்து மறுபடி போனோம், எட்டும் நின்றன. டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை.

கடைசியாக, சென்னைக்குப் போன ராத்திரி பஸ்ஸின் கிளீனர். பெயர் கேட்டு வைக்காமல் போனது என் தப்பு. நான் பின் டிக்கியைக் காட்டினேன், அவரோ, "அங்க தூக்கித் தூக்கிப் போடும் சார்" என்று நடு டிக்கியில் இருந்த மூட்டைகளை நகர்த்திவிட்டுப் பெட்டியைச் சொருகினார். திரும்பி வந்து ஓடாவி மாமாவிடம் சொன்னேன், கடல்லயும் அப்படித்தான், நடுவுல படுத்தவனுக்கு வாந்தி வராது என்கிறார்.

பெட்டி இப்போது சும்மாதான் இருக்கிறது. 40 அங்குலத்துக்குள் யாரிடமாவது படகு இருந்தால் எடுத்துப் போகலாம், தாங்கியை மட்டும் உங்கள் படகுக்கு ஏற்ப வெட்டிக்கொள்ள வேண்டும். மூடியின் உள்பக்கம் ஸ்குரூ டிரைவர் நூலில் கட்டித் தொங்குகிறது, அதைத் திருப்பித் தந்துவிடுங்கள், அது தச்சர் அண்ணனுடையது.