செயலாளர் ஆண்டறிக்கை: வலந்தலைச் சோறும் ராமனின் மணலும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் நாளன்று வழக்கமான சொற்பொழிவு நடந்தது. சுவாமிமலைக்குப் போய் மெழுகு வார்ப்பு முறையில் சிலை செய்வதைப் பார்த்து வந்தோம். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பது 1931இல் தெரியவந்த வரலாறு பற்றி ஒரு படக்காட்சி நடத்தினோம். செயற்குழு விதிப்படி கூடியது.

மிருதங்க அமர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அறிவியலும் கலையும் சேரும் இடத்தில் வேலை செய்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நம் மன்றத்தில், வாத்தியம் கட்டுபவரை மேடையேற்றுவது எதற்கு என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். அன்று வராதவர்கள் இன்றும் அதையே கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்த அறிக்கை வழியாகவே பதில் சொல்கிறேன்.

இழுத்துக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால் சுருதி நிற்காது. அடிப்படை அதிர்வெண்ணைப் போல 1.59, 2.14, 2.30 மடங்கு என்று ஒன்றோடொன்று சேராத மேலொலிகள் எழும்புவதே காரணம். மிருதங்கத்தின் வலந்தலையோ, அதாவது வலக்கையால் வாசிக்கும் முகமோ, வீணைத் தந்தியைப் போல 2, 3, 4, 5 மடங்குகளில் பேசுகிறது. கற்பொடியைச் சோற்றோடு பிசைந்து நடுவில் வைக்கும் கருஞ்சோறுதான் இதைச் செய்கிறது. சி.வி. ராமன் 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். பிறகு தோலின் மேல் மணலைத் தூவி, அது எந்தக் கோடுகளில் ஒதுங்குகிறது என்று பார்த்து, ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்குவதை 1934 கட்டுரையில் காட்டினார். நடுவில் கனம் கூடிய சவ்வு என்று கொண்டு 1954இல் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மன் மோகன் சோந்தியும் இதைக் கணக்கிட்டார்கள்.

இத்தனை பேர் ஆராய்ந்த பொருளைத் தலைமுறை தலைமுறையாகக் காதால் கேட்டே செய்து வருபவர் அன்று நம் முன் உட்கார்ந்திருந்தார். கல்லைப் பொடித்து, வெந்த சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாக வைத்தார். வழவழப்பான கல்லால் அது காயும்வரை தேய்த்தார். தட்டிக் கேட்டார். அடுத்த பூச்சு. சோற்றில் விழும் மயிரிழைக் கீறல்கள் பழுதல்ல, வேண்டியே வர வைப்பவை என்று விளக்கினார். அவை இல்லாவிட்டால் காய்ந்த சோறு ஒரே வில்லையாக விறைத்துத் தோலை அசைய விடாது. ஒவ்வொரு பூச்சுக்குப் பிறகும் அதிர்வெண் வரைபடத்தைத் திரையில் போட்டோம். சிதறிக் கிடந்த முகடுகள் கொஞ்சம் கொஞ்சமாக வரிசைக்கு வந்தன. திரையைப் பாராமலே, இன்னும் வேண்டும், இது போதும் என்று அவர் சொன்ன இடங்கள் வரைபடத்தோடு ஒத்துப்போயின. வந்திருந்த இயற்பியல் பேராசிரியர் எழுந்து போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

பேராசிரியருக்குக் கொடுத்த அதே மதிப்பூதியத்தை வாத்தியம் கட்டுபவருக்கும் கொடுத்தேன். இது செயற்குழுவில் ஆட்சேபிக்கப்பட்டது. என் முடிவு சரி என்றே இப்போதும் கருதுகிறேன். வாசிப்பவர் பெயர் அழைப்பிதழில் வருகிறது, ஆராய்ந்தவர் பெயர் கட்டுரையில் வருகிறது. கட்டியவர் பெயர் எங்கும் வருவதில்லை. நம் மன்றமாவது அதை மாற்ற வேண்டும்.

அவ்வளவு நல்ல அமர்வில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. வருவதாக உறுதி சொன்னவர்களே வரவில்லை. வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துச் சொன்னவர்கள் அரங்கில் ஒரு மணி நேரம் இருந்திருந்தால், ஏற்பாடு செய்தவர்களுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் உறுப்பினரல்லாத மாணவர்கள் என்பதையும் பதிவு செய்கிறேன்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பெரிய கடன் இல்லை, பெரிய மிச்சமும் இல்லை. சந்தா நிலுவை சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. நிலுவை வைத்திருப்பவர்களில் செயற்குழு உறுப்பினர்களும் உண்டு. பெயர்களை இங்கே வாசிக்க விரும்பவில்லை.

அரங்கம் தந்தவர்களுக்கும் ஒலி ஒளி அமைத்த நண்பர்களுக்கும் தணிக்கையாளருக்கும் மன்றத்தின் நன்றி.

வரும் ஆண்டில், பலாக்கட்டையைக் குடைவதிலிருந்து வார் பிடித்துச் சுருதி சேர்ப்பதுவரை மிருதங்கம் கட்டும் முழு வேலையையும் ஒளிப்பதிவு செய்ய விரும்புகிறேன். ஒவ்வொரு கட்டத்து ஒலியையும் அளந்து பதிவோடு சேர்க்க வேண்டும். கட்டுபவர் சம்மதித்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டதால் தாமதிக்க வேண்டாம் என்றும் சொன்னார். ஒளிப்பதிவுக்கும், அத்தனை நாளும் அவருக்குத் தர வேண்டிய கூலிக்கும் இப்போதைய கையிருப்பு போதாது. நிலுவைச் சந்தா முழுதும் வந்தால் வெளியே கையேந்தாமல் தொடங்கலாம். பொருளாளர் இரசீதுப் புத்தகத்துடன் வாசலருகே இருக்கிறார்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்