பொருளியல் ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் நண்பனுக்கு

அன்புள்ள முரளிக்கு,

உன் நீண்ட கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே பருவத்தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்துவிட்டேன். முனைவர் பட்ட மாணவர் சேர்க்கைக் குழுவில் இந்த ஆண்டும் என்னைப் போட்டிருக்கிறார்கள். ஆகவே நீ கேட்டிருக்கும் கேள்வியைப் பற்றித்தான் நானும் அன்றாடம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வங்கி வேலையில் இருக்கும், ஆய்வு அனுபவம் என்று ஒரு வரிகூட இல்லாத உன்னை எந்தப் பொருளியல் துறை முனைவர் பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்ளும் என்று கேட்டிருந்தாய். அந்த ஒரு வரி இல்லாததைவிட, நீ ஒரு சிக்கலோடு மல்லுக்கட்டுவதை அருகிலிருந்து பார்த்த ஆசிரியர் ஒருவரும் இல்லாததுதான் உன் விண்ணப்பத்தின் உண்மையான குறை என்பது என் கருத்து. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், எதைக் குறையாக எடுத்துக்கொள்கிறாயோ அதைப் பொறுத்து அடுத்த ஒன்றரை ஆண்டில் நீ செய்ய வேண்டிய வேலை மாறிவிடும்.

முதலில் அமெரிக்கத் துறைகளின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகம் சார்ந்த அறிவியல் துறைகளில் ஒரு பேராசிரியர் தமக்கு வேண்டிய மாணவரைத் தாமே தேர்ந்தெடுப்பது வழக்கம். பொருளியலில் குழு கூடி முடிவெடுக்கிறது. சேரும் மாணவர் துறைக்குத்தான் வருகிறார், குறிப்பிட்ட ஒருவரிடம் அல்ல. முதல் ஆண்டு முழுவதும் நுண்ணியல் பொருளியல், பேரியல் பொருளியல், எகனாமெட்ரிக்ஸ் (பொருளியல் தரவுக்கான புள்ளியியல்) என்ற மூன்று பாடங்களிலேயே போய்விடும். தகுதித் தேர்வுகளைத் தாண்டிய பிறகுதான் சொந்த ஆய்வு சூடுபிடிக்கும். எனவே முன்பின் தெரியாத பேராசிரியர்களுக்கு வரிசையாக மின்னஞ்சல் அனுப்பி நேரத்தை வீணாக்காதே. குழு இரண்டு விஷயங்களைத் தேடுகிறது: முதல் ஆண்டுக் கணிதத்தில் இவர் தாக்குப்பிடிப்பாரா, அதன்பின் யாரும் கேள்வியைக் கையில் கொடுக்காத நிலையில் தாமாக ஒன்றைக் கண்டுபிடித்து அதில் நிலைத்து நிற்பாரா என்பவை அவை. முதலாவதற்கு மதிப்பெண் பட்டியல் சான்று. இரண்டாவதற்குப் பரிந்துரைக் கடிதத்தைத் தவிர நம்பத்தகுந்த சான்று மிகக் குறைவு.

வழக்கமாக மூன்று கடிதங்கள் கேட்பார்கள். 'என் வகுப்பில் முதலிடம் பெற்றார், ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி' என்று வரும் கடிதத்தைப் படித்ததும் எங்கள் கை அடுத்த கோப்புக்குப் போய்விடுகிறது. 'இரண்டு தரவுக் கோப்புகளை இணைத்தபோது, இடையில் பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனங்களெல்லாம் சத்தமில்லாமல் உதிர்ந்துபோயிருப்பதை இவர்தான் கண்டுபிடித்தார். எங்கள் முடிவு அதனால் எவ்வளவு மாறுகிறது என்று நான் கேட்பதற்கு முன்பே கணக்கிட்டுக் கொண்டுவந்தார்' என்று ஒரு கடிதம் சொன்னால், அந்த விண்ணப்பத்தை மேசையில் இருப்பவர்கள் மறுபடி எடுத்துப் படிக்கிறார்கள். உன் வங்கி மேலாளர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் இப்படி எழுத அவரால் முடியாது. முனைவர் பட்ட மாணவருக்கு என்ன தேவை என்பது ஆய்வு செய்பவர்களுக்குத்தான் தெரியும்.

அப்படிப்பட்ட ஒருவரிடம் எப்படிப் போய்ச் சேர்வது? கடந்த பல ஆண்டுகளாக அமெரிக்காவில் 'ப்ரீடாக்' என்ற வழி வேரூன்றிவிட்டது. இளநிலையோ முதுநிலையோ முடித்தவர்கள் ஓரிரு ஆண்டுகள் ஒரு பேராசிரியரிடம் முழுநேர ஆய்வு உதவியாளராகச் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். அமெரிக்கப் பொருளியல் ஆய்வு நிறுவனமான என்.பி.இ.ஆர். தன் இணையதளத்தில் பல பல்கலைக்கழகங்களின் இத்தகைய அறிவிப்புகளை ஒரே இடத்தில் தருகிறது. அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வும் உதவியாளர்களை எடுக்கிறது, ஆனால் அங்கே குடியுரிமை நிபந்தனைகளை முதலில் பார்த்துக்கொள். வளரும் நாடுகளில் களஆய்வு நடத்தும் ஜே-பால், ஐ.பி.ஏ. போன்ற அமைப்புகளின் வேலைகள் உனக்கு இன்னும் எட்டக்கூடியவை. இவற்றுக்கு ஆளெடுக்கும்போது பெரும்பாலும் ஒரு தரவுத் தேர்வு வைப்பார்கள்: அழுக்கான ஒரு தரவுத் தொகுப்பைக் கொடுத்து, சுத்தம் செய்து, படம் வரைந்து, சில வரிகளில் விளக்கச் சொல்வார்கள். ஸ்டேட்டா அல்லது ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள் கையில் படிந்திருந்தால் இதற்கு முந்தைய ஆய்வு அனுபவம் தேவையில்லை.

அப்படிக் கை படிவதற்கு நான் சொல்லும் பயிற்சி ஒன்றுதான்: வெளிவந்த ஒரு கட்டுரையின் அட்டவணையை மூலத் தரவிலிருந்து நீயே மீண்டும் உருவாக்கு. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994-இல் வெளியிட்ட குறைந்தபட்சக் கூலிக் கட்டுரையிலிருந்து தொடங்கலாம். நியூ ஜெர்சியில் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் உயரவில்லை. இரு மாநிலங்களிலும் மொத்தம் 410 துரித உணவகங்களில் உயர்வுக்கு முன்னும் பின்னும் விசாரித்துத் திரட்டிய தரவு இன்றும் பொதுவில் கிடைக்கிறது. முழுநேர ஊழியர்களும் மேலாளர்களும் ஒன்று, பகுதிநேர ஊழியர் அரை என்று கணக்கிட்டால், நியூ ஜெர்சியில் உணவகத்துக்குச் சராசரியாக 20.44 ஆக இருந்த வேலைவாய்ப்பு 21.03 ஆகவும், பென்சில்வேனியாவில் 23.33 ஆக இருந்தது 21.17 ஆகவும் மாறியிருப்பது உனக்குக் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால், மூடப்பட்ட கடைகளையும் விடுபட்ட பதில்களையும் நீ எப்படிக் கையாண்டாய் என்று தேடிப் பார். கிடைத்த பிறகுதான் சுவையான வேலை ஆரம்பமாகிறது. பகுதிநேர ஊழியரை ஏன் அரையாக எண்ண வேண்டும்? வேறு எடை கொடுத்தால் என்ன ஆகும்? உயர்வுக்கு முன்பே இரு மாநிலங்களும் வேறு வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தால் இந்த ஒப்பீடு நிற்குமா? சம்பளப் பட்டியல் தரவைக் கொண்டு நியூமார்க், வாஷர் என்ற பொருளியலாளர்கள் இதே கட்டுரையை மறுத்து எழுதியதையும், 2000-இல் கார்டும் க்ரூகரும் அதற்குத் தந்த பதிலையும் வரிசையாகப் படி. ஒரே கேள்வியில் நாணயமான அறிஞர்கள் எங்கே, எதனால் பிரிகிறார்கள் என்பது இவ்வளவு தெளிவாகத் தெரியும் இடம் வேறு அதிகம் இல்லை.

இன்னொரு வழி, ஆய்வேடு எழுத வைக்கும் முதுநிலைப் படிப்பு. பார்சிலோனா, துலூஸ், பான், ஆம்ஸ்டர்டாமின் டின்பெர்கன் நிறுவனம் ஆகிய இடங்களின் படிப்புகளைப் பார். ஐரோப்பாவில் முனைவர் பட்டத்துக்கு முன் முதுநிலை என்பது பெரும்பாலும் எதிர்பார்ப்பே. உன் பட்டம் பழையதாகிவிட்டதால், புதிய மதிப்பெண்களும் புதிய ஆசிரியர்களும் ஒருசேரக் கிடைக்கும் இந்த வழி உனக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். செலவு பிடிக்கும் என்பதை மறைக்க மாட்டேன். வேலையை உடனே விட முடியாது என்றால், எம்.ஐ.டி.யும் ஜே-பாலும் சேர்ந்து இணையவழியில் நடத்தும் மைக்ரோமாஸ்டர்ஸ் பாடங்களில் தொடங்கு. கண்காணிப்போடு நடக்கும் தேர்வு என்பதால் அந்த மதிப்பெண்ணுக்கு மரியாதை உண்டு. ஆனால் அங்கே உன்னை அறிந்த ஆசிரியர் கிடைக்க மாட்டார். அந்தக் குறை அப்படியே நிற்கும்.

கணிதத்தைப் பற்றி நீ கவலைப்படத் தேவையில்லை. ரியல் அனாலிசிஸ் (மெய்யெண் பகுப்பாய்வு), நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு மூன்றிலும் நல்ல மதிப்பெண் வைத்திருக்கிறாய், ஜி.ஆர்.ஈ. நுழைவுத் தேர்வைக் கேட்கும் துறைகளுக்குக் கணிதப் பகுதியில் முழு மதிப்பெண்ணான 170-ஐ ஒட்டி வாங்கிவிட்டால் போதும், மொழிப் பகுதியை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை.

நோக்க அறிக்கையின் வரைவை இணைத்திருந்தாய். பள்ளி நாட்களில் பொருளியல்மீது காதல் பிறந்த கதையை முழுதாக எடுத்துவிடு. கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் நீ எழுதியிருக்கும் விஷயம்தான் அதன் உயிர்: ஒரு தொகைக்கு மேல் போனால் பிணை கேட்க வேண்டும் என்ற விதி இருப்பதால், அந்த வரம்புக்குச் சற்றுக் கீழே சிறுதொழில் கடன்கள் குவிகின்றன என்று எழுதியிருக்கிறாயே, அதை முதல் பத்திக்குக் கொண்டுவா. குவிவதற்குக் காரணம் கடன் வாங்குபவர்கள் தங்கள் தேவையைக் குறைத்துக்கொள்வதா, கிளை அதிகாரிகள் தொகையை வெட்டுவதா என்பதை எந்தத் தரவு பிரித்துக் காட்டும் என்று இரண்டு பத்தி எழுது. வங்கியின் உள்தரவை எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் தொடாதே. கேள்வியைத் தெளிவாக வைக்க அது தேவையும் இல்லை. வங்கியில் கழித்த ஆண்டுகளை வீண் என்று நீ எழுதியிருந்தது எனக்கு வருத்தமாக இருந்தது. கல்லூரியிலிருந்து நேரே வரும் மாணவர் ஒருவருக்கு இந்தக் கேள்வி தோன்ற வாய்ப்பே இல்லை.

பெரும்பாலான துறைகளின் கடைசித் தேதி டிசம்பரில் வரும். உதவித்தொகையோடு இடம் கிடைத்தவர்கள் ஏப்ரல் 15-க்குள் முடிவு சொல்ல வேண்டும். இந்த டிசம்பரை விட்டுவிட்டு அடுத்ததற்குக் குறி வை. ஒவ்வொரு துறைக்கும் தனிக் கட்டணம் உண்டு. வலுவான கடிதம் இல்லாமல் பல இடங்களுக்கு அனுப்புவது பணத்துக்குப் பிடித்த கேடு.

கார்டு–க்ரூகர் அட்டவணையை முடித்ததும் நிரலோடு எனக்கு அனுப்பு, வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன். நிதிப் பொருளியலில் ஆய்வு செய்யும் என் சக ஆசிரியர் ஒருவர் அடுத்த ஆண்டுக்கு ஆய்வு உதவியாளர் தேடுகிறார். உன் கடன் வரம்புக் கேள்வியை ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால் அவரிடம் காட்டுகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
சேகர்